நிழற்படமும் பேட்டைகளின் சரித்திரமும்

ஓர் ஊரின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் அரசர், ஆலயம், கல்வெட்டு என்னும் மூன்றோடு நின்றுவிடுதல் நம்மவர் வழக்கமாயிற்று. திருவண்ணாமலை போன்ற தலங்களுக்கு அது ஒருவாறு பொருந்தும். ஆலைகளால் வளர்ந்த நகரத்தின் பேட்டைகளுக்கோ சாசனம் பொறித்து வைத்தார் ஒருவருமிலர். பழைய நிழற்படங்களே அவற்றின் சாசனம். அப்படங்களைச் சேர்த்து வைக்கக் கற்ற நாம், வாசிக்க இன்னும் கற்றோமில்லை.

வடசென்னையைக் காண்க. 1856-ஆம் ஆண்டில் இராயபுரத்தினின்றும் ஆர்க்காட்டுப் பக்கம் புகைவண்டி ஓடலாயிற்று. பின்னர் பெரம்பூரை அடுத்து பக்கிங்காம், கர்நாடிக் என்னும் இரு நெசவாலைகள் எழுந்து, 1920-இல் ஒரே கம்பெனியாயின. அவற்றின் காக்கித் துணி எங்கும் பெயர்பெற்றது. செங்கற்பட்டு, ஆர்க்காட்டுச் சீமைகளிலிருந்து பிழைப்பு நாடிச் சென்றோர் பலர் புளியந்தோப்பு, பட்டாளம், ஓட்டேரி முதலிய இடங்களிற் குடியேறினர்.

இவர்தம் வாழ்வைப் பழைய படங்களிற் தேடினால் யாது கிடைக்கின்றது? வீலி அண்டு கிளைன் போன்ற சென்னைப் படக் கம்பெனியார் தபாலட்டைகளாக விற்றவை மவுண்ட் ரோடும், கடற்கரையும், பெரிய கட்டடங்களுமே. ஆலைப் படங்களிலோ புகைபோக்கியும் தறிகளும் விளங்கித் தோன்றும். நாற்காலியில் வீற்றிருக்கும் துரைமாரின் பெயர்கள் எழுத்துப் பிழையின்றி அடியிற் குறிக்கப்பட்டிருக்கும். பின்னே வரிசையாக நிற்போர் அனைவர்க்கும் 'தொழிலாளர்' என்னும் ஒரே பெயர். மாலையில் அவர்கள் எந்தத் தெருவிற்குத் திரும்பினர் என்பதைப் படம் உரைக்காது.

கிளாஸ்கோ நகரத்தார் வேறு செய்தனர். பழைய நெருக்கடியான சந்துகளை இடிக்கத் துணிந்தபோது, 1868 முதல் 1871 வரை தாமஸ் அன்னன் என்பவரைக் கொண்டு அவற்றைப் படம் பிடிப்பித்தனர். அந்தச் சந்துகள் அழிந்தன, படங்கள் நிற்கின்றன. ஆயினும் அங்கும் வாயில்தோறும் நிற்கும் மாந்தருக்குப் பெயரில்லை! நன்கு படம் பிடித்தால் மட்டும் போதாதென்பதற்கு இதுவே சான்று.

சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-இல் தோன்றியது. வாடியா அவர்கள் தலைமை பூண்டார், திரு.வி.க. உடனின்று உழைத்தார். 1921-ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்திலோ தொழிலாளர் சாதியால் இருகூறாயினர். புளியந்தோப்புச் சேரிக் குடிசைகள் தீக்கிரையாயின. துப்பாக்கிப் பிரயோகமும் நிகழ்ந்தது. ஆலையின் அழகிய படமொன்றைச் சுவரில் மாட்டி, 'நம் நகரின் கைத்தொழில் வளம்' என்று எழுதி வைப்போர், அச்சுவர்க்கு வெளியே எரிந்த குடிசைகளை மறைப்பவராகின்றனர். படத்தோடு பேட்டையாரின் வாய்மொழியும் சேர்ந்தாலன்றிச் சரித்திரம் முழுமையுறாது. 1996-இல் ஆலை மூடப்பட்டது. பின்னர் சினிமாக்காரர் அங்கே சண்டைக் காட்சிகள் பல எடுத்தனர். இன்றைய இளைஞர் பலர் அவ்வாலையைக் கண்டது கள்வர் கூடமாகத்தான்! இப்பொழுது அந்நிலத்தில் அடுக்குமாடி வீடுகள் எழுந்துள்ளன. தறியோட்டினோர் முதுமை எய்தினர். படப் பிரதிகளை அவர்பாற் கொண்டு சென்று, 'இவர் யார்? இத்தெரு எது?' என்று வினவுதற்குரிய காலம் மிகக் குறுகியதாகும்.

பெரம்பூர் நமக்குத் தூரமெனக் கூறுவாருமுளர். நம் வேங்கிக்காலை நோக்குக. ஏரியும் வயலும் சூழ்ந்த இச்சிற்றூரில் ஜில்லா கலெக்டர் கச்சேரி அமைந்தபின், வேலூர்ச் சாலையின் இருமருங்கும் மனைகளாயின. ஆலையின்றியும் ஒரு பேட்டை பழைய முகத்தை இழக்கக்கூடும். இவ்வட்டாரத்திற் பணியாற்றிய டேனிஷ் மிஷனார் எடுத்த ஆர்க்காட்டுப் படங்கள் கடல் கடந்து பாதுகாக்கப்பட்டு, இன்று இணையத்தின் வழியே எவரும் காணத்தக்கனவாய் உள்ளன. தேடுவோர் ஒன்றை நினைவிற்கொள்க: திருவண்ணாமலைத் தாலூகா 1911 வரையில் தென் ஆர்க்காட்டையும், அதன்பின் வட ஆர்க்காட்டையும் சார்ந்திருந்தது, தனி ஜில்லா ஏற்பட்டது 1989-இல். ஜில்லாப் பெயர் தவறினால் படம் அகப்படாது.

அகப்பட்ட படத்தில் ஊர்ப்பெயர் இல்லையாயின் அஞ்ச வேண்டா. நமக்கு மலை இருக்கின்றது. வேங்கிக்காலினின்று நோக்குவார்க்கு அது தென்மேற்கே தோன்றும்; ஊர்நடுவில் நிற்பார்க்கு மேற்கே. மலையின் முகடும் கோபுரமும் படத்தில் நிற்கும் முறை கொண்டு, படமெடுத்தோன் நின்ற இடத்தைப் பெரும்பாலும் துணியலாம். ஆண்டையோ கடைப் பலகையின் எழுத்து, மின்கம்பம், வண்டியின் சக்கரம், பெண்டிர் உடுத்த முறை இவற்றால் உய்த்துணர்க. இவ்வகையில் இருபது படங்களை ஆராய்ந்த மாணாக்கர், நெட்டுருச் செய்யும் சரித்திரப் புத்தகத்தினும் மிகுதியாகக் கற்பர் என்பது நம் துணிபு.

ஆதலின் கலாசாலைப் புத்தகசாலையில் இதற்கென ஓர் அலமாரி ஒதுக்கப்படுக. விடுமுறைக்குச் செல்லும் மாணவரும், பழைய மாணவரும், தத்தம் வீட்டுப் பெட்டிகளில் உறங்கும் கலியாணப் படம், பள்ளிப் படம், கடைத் திறப்புப் படங்களின் பிரதிகளைக் கொணர்க. முதலாளியின் பெயரோடு வண்டிக்காரர், சமையற்காரர் பெயர்களையும் கேட்டெழுதுக. மூலப்படத்தின் பின்புறத்தில் மையினால் எழுதற்க. மை ஊறிப் படத்தைக் கெடுக்கும். மெல்லிய பென்சிலால், அழுத்தாமல், ஓரத்தில் எழுதுக.