கிளுவை வேலிக்கும் காவல் வேண்டும்



திருப்பூர் நஞ்சராயன் குளம் 2022இல் பறவைகள் சரணாலயமானது. 2024இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. மகிழ்ச்சி. ஆனால் கொங்கு நாட்டு உயிரினங்கள் குளத்தையும் காட்டையும் மட்டுமா நம்பியிருக்கின்றன? காங்கேயம், தாராபுரம், மூலனூர் பக்கத்துக் கொரங்காடுகளில் தரையில் கொழுக்கட்டைப்புல், மேலே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை முள்வேலி. மாட்டுக்காக உழவர்கள் தலைமுறைகளாகக் காத்த இந்த மேய்ச்சல் நிலம்தான் கௌதாரிக்கும் கீரிக்கும் உடும்புக்கும் புகலிடம். பட்டா நிலம் என்பதால், வேலியைப் பிடுங்கிக் கம்பி கட்டினால் கேட்க ஆளில்லை.

கிளுவையில் பாம்பு அடையும், இடத்தை அடைக்கும், கழிக்க ஆள் கிடைப்பதில்லை என்கிறார்கள். கடைசிக் காரணம் நியாயமானது. பாம்பு இருந்தால்தான் எலி அடங்கும்; கம்பியோ துருப்பிடிக்கும், கிளுவைப் போத்து நட்டால் துளிர்த்து ஆட்டுக்கும் தழை தரும். சொந்த நிலத்தில் அரசு தலையிடலாமா என்றால், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1997இல் வந்த விதிகளின்படி, கிராமப்புற உயிர்வேலியை அகற்றுமுன் உள்ளாட்சிக்கு அறிவிக்க வேண்டும். முக்கியமான வேலி என்றால் அகற்றுவதை உள்ளாட்சி தடுக்கலாம். இங்கே தடைகூட வேண்டாம் (தடை என்றால் முந்தின இரவே பொக்லைன் வந்துவிடும்). சூரிய மின்வேலிக்கு மானியம் தரும் வேளாண் பொறியியல் துறை, கிளுவை வேலியைக் கழித்துப் பராமரிக்கும் கூலியில் ஒரு பங்கை ஏற்கட்டும்.

– ஒரு வாசகர், காந்திபுரம், கோவை