சான்று மட்டும் போதுமா?

அம்பு எய்யாமல் சிரித்தே முப்புரம் எரித்த ஈசனின் ஊர் திருவதிகை. அங்கே ஒருவருக்குத் துப்பாக்கி உரிமம் வேண்டுமென்றால் கடலூர் ஆட்சியர் அலுவலகப் படியேற வேண்டும்.

2016 ஆயுத விதிகள் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றைக் கேட்கின்றன. கையாளுதல், சுடும் முறை, பராமரிப்பு, பத்திரமாகப் பூட்டிவைத்தல் எல்லாம் பாடத்தில் உண்டு. நாடு முழுமைக்கும் பொதுவான எழுத்துத் தேர்வுதான் இல்லை. கனடாவில் எழுத்து, செய்முறை இரண்டிலும் 80 விழுக்காடு எடுத்தால்தான் தேர்ச்சி.

2019 ஆயுதச் சட்டத் திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. நல்லதே. ஆனால் உரிமக் காலத்தை மூன்றிலிருந்து ஐந்தாண்டாக நீட்டியது! அப்படியானால் விண்ணப்பதாரரை உட்காரவைத்துப் பத்துக் கேள்வியாவது கேட்கலாம்: குழல் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், விசையில் விரல் எப்போது போகலாம், தோட்டாவை எங்கே தனியாக வைப்பது என்று.