கண்ணீரைத் திருத்தலாமா?

"அழுவதற்காகவா காசு கொடுத்து நாடகம் பார்க்க வேண்டும்?" ஷேக்ஸ்பியரின் சோக நாடகம் என்றதும் நம் நண்பர்கள் பலரும் கேட்கும் கேள்வி இது. இதை எள்ளி நகையாட வேண்டியதில்லை. ஷேக்ஸ்பியர் பிறந்த இங்கிலாந்தே ஏறத்தாழ 150 ஆண்டுகள் இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தது.

லியர் மன்னன் கதையைப் பலரும் அறிவோம். முதுமையில் நாட்டைப் பங்கிட முனைந்த மன்னன், தன்மீது யாருக்கு அன்பு மிகுதி என்று மூன்று மகளிரையும் கேட்கிறான். முகத்துதி செய்த மூத்தவர் இருவருக்கும் நாடு கிடைக்கிறது. உள்ளதைச் சொன்ன இளையவள் கார்டீலியா வெறுங்கையோடு போகிறாள். பிறகு அந்த மூத்த மகளிரே தந்தையைப் புயலில் விட்டுக் கதவை அடைக்கின்றனர். இறுதியில் கார்டீலியா சிறையில் தூக்கிலிடப்படுகிறாள். அவள் உடலை ஏந்தி வந்த கிழவனும் அங்கேயே உயிர் விடுகிறான்.

இம்முடிவைத் தாங்க மாட்டாமல் 1681-இல் நேஹம் டேட் என்பவர் நாடகத்தைத் "திருத்தி" எழுதினார். லியருக்கு அரியணை மீண்டது. கார்டீலியாவுக்குத் திருமணம் நடந்தது. மன்னனுக்கு முகத்துக்கு நேரே உண்மை சொன்ன விதூஷகன் மேடையைவிட்டே நீக்கப்பட்டான். கார்டீலியாவின் சாவு தம்மை உலுக்கிவிட்டதால், பதிப்பாசிரியராகும் வரை அந்த இறுதிக் காட்சிகளை மறுமுறை படிக்கவே துணியவில்லை என்று டாக்டர் ஜான்சனே எழுதியிருக்கிறார். 1823-இல் எட்மண்ட் கீன் சோக முடிவை மீட்டுப் பார்த்தார், அது நிலைக்கவில்லை. 1838 ஜனவரி 25 இரவு, லண்டன் கோவெண்ட் கார்டன் அரங்கில் மெக்ரெடி என்ற நடிகர்தாம் விதூஷகனையும் சோக முடிவையும் ஒருங்கே மேடைக்குக் கொண்டுவந்தார்.

அவர் செய்தது சரியா? சரியே என்பது என் கருத்து.

1605-இல் அச்சான பழைய லியர் நாடகம் ஒன்றில் மன்னன் மீண்டும் அரசாள்கிறான். ஆக, இன்ப முடிவு ஷேக்ஸ்பியரின் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தது; அவர்தாம் அதை வேண்டாமென்று விலக்கினார். ஏன்? இறுதிக் காட்சியைப் பாருங்கள். மூச்சு இருக்கிறதா என்று மகளின் உதட்டருகே கண்ணாடி பிடிக்கக் கேட்கிறான் தந்தை. இறகொன்று அசைவதாக எண்ணி ஏமாறுகிறான். சாகுமுன் தன் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிடும்படி அருகில் நிற்பவரை வேண்டி, அதற்கு நன்றியும் சொல்கிறான். முதற்காட்சியில் அன்பையே ஆணையிட்டுக் கேட்ட மன்னன், முடிவில் ஒரு பொத்தானுக்கு நன்றி கூறும் மனிதனாகிவிடுகிறான்! அரியணையைத் திருப்பிக் கொடுத்தால் இந்த மனிதன் நமக்குக் கிடைப்பானா?

தவறை உணர்ந்தவுடன் இழந்ததெல்லாம் திரும்பிவிடும் என்றால், தவறு செய்ய யார்தான் அஞ்சுவார்? காலம் கடந்து வரும் அறிவுக்கு விலை உண்டு. அந்த விலையை மறைக்காமல் காட்டுவதே சோக நாடகத்தின் நேர்மை.

எல்லாம் இனிதே முடிந்த நாடகத்தைப் பார்த்தவன் வீடு திரும்பி நிம்மதியாக உறங்கிவிடலாம். லியரைப் பார்த்தவனோ, திண்ணையில் இருமிக்கொண்டிருக்கும் முதியவரைக் கடந்து உள்ளே போகுமுன் ஒரு கணம் நிற்பான். "சாப்பிட்டீர்களா?" என்று ஒரு வார்த்தை கேட்பான். அந்த ஒரு வார்த்தைக்காகவேனும், நண்பர்களே, காசு கொடுத்து அழலாம்!