முறையிடத் தெரியாத கண்

மூன்று வயதுக் குழந்தை தனக்குக் கண் மங்கலாகத் தெரிகிறது என்று ஒருபோதும் முறையிடுவதில்லை. தெளிந்த பார்வையை அது அறிந்ததே இல்லை. இரு கண்களில் ஒன்று மட்டும் குறையுடையதாக இருப்பின், மற்றொன்றைக் கொண்டே ஓடியாடித் தரையில் கிடக்கும் குன்றிமணியைக்கூடப் பொறுக்கிவிடுவதால், பெற்றோருக்கு ஐயம் எழவும் வழியில்லை.

இந்நிலையில் மூளை, குறையுள்ள கண் அனுப்பும் மங்கிய பிம்பத்தைப் புறக்கணிக்கப் பழகிவிடுகிறது. கண்ணின் அமைப்பில் நோய் ஏதுமின்றியே பார்வை குன்றும் இந்நிலை 'சோம்பேறிக் கண்' எனப்படுகிறது. டேவிட் ஹியூபெல், டார்ஸ்டன் வீசல் ஆகிய இருவரும் 1960களில் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணைச் சில வாரங்கள் மூடிவைத்து ஆராய்ந்தபோது, பின்னர் அக்கண்ணைத் திறந்துவிட்டும் மூளையின் பார்வைப் பகுதியிலுள்ள செல்கள் பெரும்பாலும் அதற்கு மறுமொழி தரவில்லை என்பதையும், வளர்ந்த பூனையிடம் இவ்விளைவு தோன்றவில்லை என்பதையும் கண்டனர். 1981இல் நோபல் பரிசு பெற்ற இவர்களது ஆய்வுகள், பார்வை உருவாவதற்கு ஒரு பருவம் உண்டு என்பதை உறுதிப்படுத்தின. மனிதக் குழந்தைக்கு ஏறத்தாழ ஏழு வயதுக்குள் சிகிச்சை தொடங்கினால் பலன் மிகுதி. கரும்பலகை தெரியவில்லை என்று ஆசிரியர் சொல்லி அனுப்பும்வரை காத்திருப்பது பலருக்குக் காலந்தாழ்ந்ததாகிவிடுகிறது.

எழுத்தே தெரியாத பிள்ளையை எப்படிச் சோதிப்பது என்னும் கேள்வி வீடுதோறும் எழுவதுதான். உண்மையில் குழந்தை வாய் திறக்கவே வேண்டியதில்லை. சொட்டு மருந்திட்டுக் கண்பாவையை விரித்து, கண் தானாகக் குவியத்தை மாற்றிக்கொள்வதையும் நிறுத்திவைத்தபின், மருத்துவர் ரெட்டினோஸ்கோப் என்னும் சிறு கருவியால் ஒளிக்கீற்றைப் பாவையின் குறுக்கே அசைத்து, உள்ளிருந்து திரும்பும் செந்நிற ஒளி எத்திசையில் நகர்கிறது என்று பார்க்கிறார். அந்நகர்வு நிற்கும்வரை வில்லைகளை மாற்றிமாற்றி வைத்தே கண்ணாடியின் அளவைக் கணித்துவிடுகிறார். இதனினும் எளிய சோதனை ஒன்றுண்டு: குறையுள்ள கண்ணைக் கையால் மறைத்தால் பொருட்படுத்தாத குழந்தை, நல்ல கண்ணை மறைத்ததும் சிணுங்கிக் கையைத் தட்டிவிடும்.

சிகிச்சையும் இதே வழியில் அமைகிறது. தேவையான கண்ணாடியுடன் நல்ல கண்ணை நாள்தோறும் சில மணி நேரம் ஒட்டுத்துணியால் மூடி, மற்றதை உழைக்கவைக்கிறார்கள். பிள்ளை அதைப் பிய்த்தெறியும் முதல் சில வாரங்களில் வீட்டாரின் பிடிவாதமே மருந்து.

மாறுகண் அதிர்ஷ்டம் என்று பெரியவர்கள் சொல்லும் ஆறுதல் இவ்விடத்தில் பெருங்கேடு. சோம்பேறிக் கண்ணுக்கு முதன்மையான காரணங்களுள் மாறுகண்ணும் ஒன்று. பிளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒரு கண்பாவை மட்டும் வெண்மையாக மின்னினாலோ, அது ரெட்டினோபிளாஸ்டோமா என்னும் விழித்திரைப் புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம் என்பதால், பள்ளி விடுமுறைக்கென்று கண் பரிசோதனையைத் தள்ளிவைக்க இயலாது.