லாபம் வந்தாச்சு... பணம் எங்கே?



மலருக்குக் கம்பெனிகளின் பணப்பாய்வு பற்றி எழுதப் போகிறேன் என்றதும் வகுப்பில் ஒரே சிரிப்பு. "டேய், நாம படிக்கிறது பின்னலாடைத் தொழில்நுட்பம். கணக்கு வழக்கெல்லாம் காமர்ஸ் பசங்களுக்கு!" என்றான் ஒருவன். அவனுக்கு அன்று பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் நான்கு நிட்டிங் மிஷின்கள். அப்பா ஜாப் ஒர்க் ஓட்டுகிறார். நூல் கம்பெனியுடையது, கூலி எங்களுடையது. போன தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை ஆட்களுக்குச் சம்பளமும் போனஸும் கொடுத்தாக வேண்டும். ஒரு பெரிய கம்பெனியில் மூன்று மாத பில் பாக்கி. (பேர் வேண்டாமே!) காலையிலிருந்து அக்கவுண்ட்ஸ் ஆபீஸில் உட்கார்ந்திருந்த அப்பா மத்தியானம் வெறுங்கையோடு வந்தார். "அடுத்த வாரம் பாக்கலாமுங்கன்னு சொல்லிட்டாங்க கண்ணு" என்றார். சாயங்காலம் அம்மாவின் வளையல் அடகுக் கடைக்குப் போனது.

அதே கம்பெனி அந்த மாதம்தான் புது யூனிட்டுக்குப் பூஜை போட்டது! நல்ல லாபம் என்று ஊரே பேசியது. எனக்கு ஒரே ஒரு சந்தேகம். லாபம் வந்தவர்களிடம் பணம் இல்லையா? இல்லை, பணம் இருந்தும் தரவில்லையா?

அது பங்குச் சந்தைக்குப் போகாத கம்பெனி. அதன் கணக்கு நமக்குக் கிடைக்காது. ஆகவே, சந்தையில் உள்ள பெரிய கம்பெனிகளின் அறிக்கைகளை எடுத்துப் படிக்க ஆரம்பித்தேன். நம் பக்கத்திலேயே இருக்கின்றன. 2007-ல் சந்தைக்கு வந்த கே.பி.ஆர். மில், 2016-ல் வந்த அவிநாசி எஸ்.பி. அப்பேரல்ஸ். இவற்றின் அறிக்கைகளைக் காசு கொடுக்காமல் யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம்.

படித்ததில் முதல் பாடம் இது. லாபம் வேறு, பணம் வேறு. சரக்கை அனுப்பி பில் போட்டதுமே லாபம் எழுதிவிடலாம். பணம் வருவது வெளிநாட்டுக்காரர் அனுப்பும்போதுதான். பணப்பாய்வு அறிக்கையில் மூன்று பகுதிகள் உண்டு. தொழில் நடத்தி வந்த பணம், மிஷினிலும் கட்டடத்திலும் போட்ட பணம், கடனாக வாங்கியதும் திருப்பிக் கட்டியதும். எங்கள் வீட்டுக் கணக்கும் இதேதான். நிட்டிங் கூலி முதல் பகுதி. புது மிஷின் வாங்கினால் இரண்டாவது. அம்மாவின் வளையல் மூன்றாவது!

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். எண்கள் நானே புரிவதற்காகப் போட்டவை. ஒரு கம்பெனிக்கு ஒரு காலாண்டில் லாபம் 20 கோடி. தேய்மானம் 5 கோடி கையை விட்டுப் போகாத செலவு, அதைக் கூட்டினால் 25. நூல் இருப்பு 18 கோடி கூடிவிட்டது, மீதி 7. வாடிக்கையாளர் தர வேண்டியது 15 கோடி கூடிவிட்டது. இப்போது 8 கோடி பள்ளம். ஆனால், அறிக்கையின் அடியில் "தொழில் மூலம் வந்த பணம் 6 கோடி" என்று இருக்கிறது. எப்படி? நடுவில் ஒரு வரி: "கொடுக்க வேண்டிய பாக்கி 14 கோடி கூடியது."

அந்த 14 கோடி யாருடைய பணம் நண்பர்களே? நூல் கொடுத்தவர், சாயம் போட்டவர், காஜா பட்டன் அடித்தவர், நிட்டிங் ஓட்டியவர்... எங்கள் அப்பா மாதிரி ஆட்களுடைய பணம். கம்பெனியின் பள்ளத்தை நிரப்பியது எங்கள் வீட்டு வளையல்!

பெரிய கம்பெனிகளைத் திட்டுவது என் நோக்கமல்ல. அவர்கள் கஷ்டமும் உண்மைதான். 2022 மே மாதம் ஒரு கேண்டி பஞ்சு, அதாவது 356 கிலோ, ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. நூல் விலை ஏற்றத்தை எதிர்த்துத் திருப்பூரில் கம்பெனிகளே கதவடைத்தன. அதே பஞ்சைப் போன வருஷத்தைவிட இரண்டு மடங்கு பணம் போட்டு வாங்கி வைத்தால், கையில் என்ன மிஞ்சும்? கே.பி.ஆர். மில்லையே பாருங்கள். 2021-22-லும் 2022-23-லும் லாபம் 800 கோடியைத் தாண்டியது. லாப வரியை மட்டும் பார்த்தால் இரண்டு வருஷமும் அண்ணன் தம்பி மாதிரி தெரியும். ஆனால், பஞ்சு விலை மலையேறி இறங்கியது அந்த இரண்டு வருஷத்தில்தான். பஞ்சில் எவ்வளவு பணம் முடங்கியது, எவ்வளவு திரும்பியது என்பதைச் சொல்வது பணப்பாய்வு மட்டுமே.

இங்கேதான் என் முக்கியமான குறை. சந்தையில் உள்ள கம்பெனிகள் லாப நஷ்டத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிட வேண்டும். பணப்பாய்வை ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெளியிட்டால் போதும். அந்த அரையாண்டு விதியையே செபி 2018-ல் திருத்தம் செய்து 2019 ஏப்ரல் முதல்தான் கொண்டுவந்தது. அதற்கு முன் வருஷத்துக்கு ஒருமுறைதான்! அமெரிக்காவில் காலாண்டுக்குத் தாக்கலாகும் 10-க்யூ படிவத்தில் பணப்பாய்வும் சேர்ந்தே வருகிறது.

இதனால் என்ன என்று கேட்பீர்கள். பஞ்சு வருஷம் அக்டோபரில் பிறக்கிறது. மில்கள் பணத்தைக் கொட்டிப் பஞ்சு வாங்கத் தொடங்குவது அக்டோபர், நவம்பர், டிசம்பரில். தீபாவளி போனஸும் பெரும்பாலும் அதே மூன்று மாதத்தில்தான். வருஷத்திலேயே பணம் அதிகம் இறுகும் காலாண்டு அது. அந்தக் காலாண்டுக்குத்தான் பணப்பாய்வு அறிக்கை கட்டாயமில்லை! நம் நிட்டிங் மிஷினில் நூல் அறுந்தால் ஸ்டாப் மோஷன் விளக்கு எரியும், மிஷின் நின்றுவிடும். அந்த விளக்கைக் கழற்றி வைத்துவிட்டு, எத்தனை கிலோ துணி இறங்கியது என்று மட்டும் பார்த்துக் கொண்டிருந்தால் சரியா?

சட்டம் சும்மா இல்லை. 2006-ஆம் வருஷச் சட்டப்படி குறு, சிறு நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தாமதித்தால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. 2021-22 முதல் கம்பெனிகள் இந்தப் பாக்கி எத்தனை வருஷமாக நிற்கிறது என்றும் பிரித்துக் காட்ட வேண்டும். 2023 நிதிச் சட்டம் இன்னும் ஒரு படி போனது. கெடுவுக்குள் கொடுக்காவிட்டால், கொடுக்கும் வருஷத்தில்தான் வரிக்குக் கழிக்கலாம் என்றது. ஆனாலும் அப்பாவிடம் வட்டி கேட்கச் சொன்னால், "வட்டி கேட்டா அடுத்த ஆர்டர் யாரு குடுப்பா?" என்கிறார். அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறதே! அதனால்தான், கேட்க முடியாதவருக்குப் பதிலாகக் கணக்கே பேச வேண்டும் என்கிறேன். பணப்பாய்வும், சிறு நிறுவனங்களுக்கான பாக்கியும் காலாண்டுதோறும் ஊரறிய வெளிவர வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்றால் நடுவில் இழுத்துப் பிடித்து, கணக்கு முடிக்கிற தேதிக்கு முன்னால் கொடுத்துச் சமாளித்துவிடலாம். இழுத்துப் பிடித்த அந்த மூன்று மாதம் யார் கண்ணிலும் படாது.

வள்ளுவர் 478-ஆம் குறளில் சொல்லிவிட்டார்: பொருள் வரும் வழி சிறிதானாலும், போகும் வழி அகலாமல் இருந்தால் கெடுதல் இல்லை. பணப்பாய்வுக்கு இதைவிட நல்ல விளக்கம் எந்த ஆடிட்டரிடமும் கிடைக்காது.

கடைசியாக, சிரித்த நண்பனுக்கு. அடுத்த வருஷம் நாமெல்லாம் ஏதாவது கம்பெனியில் சூப்பர்வைசராகவோ மெர்ச்சண்டைசராகவோ சேருவோம். சிலர் சொந்தமாக நான்கு மிஷின் போடுவோம். சேரும் முன், ஆர்டர் எடுக்கும் முன், அந்தக் கம்பெனியின் லாபத்தை மட்டும் பார்க்காதே. பணம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார். சந்தையில் இல்லாத கம்பெனி என்றால், அங்கே ஜாப் ஒர்க் செய்யும் நாலு பேரிடம் "பில்லு எத்தனை நாள்ல வருதுங்க?" என்று கேள். அதைவிட நல்ல பணப்பாய்வு அறிக்கை கிடையாது!

நான் செய்தது ஒன்றே ஒன்று. அப்பாவுக்கு உத்யம் பதிவு எடுத்துக் கொடுத்து, ஒவ்வொரு பில்லிலும் அந்த எண்ணை அச்சடித்தேன். இதுவரை வட்டி கேட்கவில்லை. ஆனால், பில் கொடுத்த தேதியையும் பணம் வந்த தேதியையும் ஒரு நோட்டில் எழுதி வருகிறோம். வளையல் இன்னும் கடையில்தான் இருக்கிறது. நோட்டைத் தினமும் எடுத்துப் பார்ப்பது அப்பா இல்லை, அம்மா!

— மூன்றாம் ஆண்டு மாணவன்,
பின்னலாடைத் தொழில்நுட்பப் பிரிவு