பசித்திருக்கும் தெய்வங்கள்

சென்ற தவணையில் ஒருநாள் உயர்தர வகுப்பில் சைவ சித்தாந்தம் கூறும் பதியின் இலக்கணத்தை நாம் விளக்கிக்கொண்டிருந்தோம். இறைவன் தோற்றமும் அழிவும் இல்லாதவன், எவராலும் ஆக்கப்படாதவன், எவரிடத்தும் எதனையும் வேண்டி நில்லாதவன் என்று கரும்பலகையில் எழுதி முடித்துத் திரும்பியபோது, பின்வாங்கிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான்.

"சேர், கும்பிடுறதுக்கு ஒருத்தரும் இல்லாட்டி கடவுள் செத்துப்போயிடுவாரோ?"

வகுப்புச் சிரித்தது. கேட்டவன் சிரிக்கவில்லை. விசாரித்ததில், 'அமெரிக்கன் கோட்ஸ்' என்னும் தொலைக்காட்சித் தொடரை இரவிரவாகக் கைத்தொலைபேசியிற் பார்த்துவிட்டு வந்திருக்கிறான் என்பது தெரிந்தது. அமெரிக்கத் தெய்வங்கள் என்பது அதன் பொருள். பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறோம் என்று நாம் அன்று தப்பித்துக்கொண்டோம். ஆசிரியத் தொழிலில் நெடுநாள் இருந்தவர்க்கு இந்த உபாயம் நன்கு கைவந்தது. ஆயினும் சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டியிருந்தமையால், விடுமுறையில் நாவலை வாசித்து, தொடரின் இருபத்தாறு பாகங்களையும் பார்த்து முடித்தோம். "பிள்ளைகளைத் திருத்தப்போய் நீங்களும் கெட்டுப்போனீர்கள்" என்பது வீட்டிற் கிடைத்த தீர்ப்பு. அத்தீர்ப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. தொடரில் இரத்தமும் நிருவாணமும் வேண்டிய அளவுக்கு மேலாகவே உண்டு. சிறு பிள்ளைகளோடு கூடியிருந்து பார்க்கத் தக்கதன்று என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

நாவலை எழுதியவர் நீல் கெய்மன். இங்கிலாந்திற் பிறந்து 1992இல் அமெரிக்காவிற் குடியேறியவர். 2001இல் வெளிவந்த இந்நாவல் ஹியூகோ, நெபியுலா ஆகிய இரு பெரும் விருதுகளையும் பெற்றது. புதிதாய் வந்து குடியேறியவர் கண்ணுக்கு, அந்நாட்டிற் பிறந்தவர் காணாத ஒன்று தென்படுவது இயல்பு. அமெரிக்காவுக்குக் கப்பலேறி வந்த ஒவ்வொரு கூட்டமும் தன் தெய்வத்தையும் மனத்திற் சுமந்து வந்ததே. வந்தவர் பேரப்பிள்ளைகள் அத்தெய்வங்களை மறந்தபின் அவற்றின் கதி யாது? கெய்மன் கேட்ட கேள்வி இதுதான். அவருடைய விடை, அவை அங்கேயே அகப்பட்டு, மெலிந்து, கூலி வேலை செய்து சீவிக்கின்றன என்பது.

இவ்விடையை அவர் விரித்திருக்கும் விதம் சுவையானது. எகிப்தியரின் எழுத்துத் தெய்வமாகிய தோத்தும் இறந்தோர்க்கு வழிகாட்டும் அனுபிசும் இல்லினோய் மாநிலத்திற் பிரேத அடக்க நிலையம் ஒன்றை நடத்துகின்றனர். அவர்கள் வாழும் சிற்றூரின் பெயர் கெய்ரோ. இது கற்பனையூர் அன்று. மிசிசிப்பி ஆறும் ஒகையோ ஆறும் கூடுமிடத்தில் உள்ள உண்மையான ஊர். அப்பகுதியைச் 'சின்ன எகிப்து' என்றே அந்நாட்டார் அழைப்பர். சிலாவிய மக்களின் இருட்டெய்வமாகிய செர்னபோக் சிக்காகோ நகரத்து மாட்டுக் கொலைக்களத்திற் சம்மட்டியால் மாடு வீழ்த்தும் தொழில் செய்து ஓய்ந்துபோன கிழவன். ஒருகாலத்திற் பலி கொண்டவனுக்கு இதைவிடப் பொருத்தமான உத்தியோகம் வேறு கிடைக்குமா?

இவர்களையெல்லாம் தேடித் திரட்டுபவன் மிஸ்ரர் வென்ஸ்டே என்னும் எத்தன். சிறையிலிருந்து விடுபட்டு, மனைவியையும் விபத்தில் இழந்து நிற்கும் ஷாடோ என்பவனைத் துணைக்கு அமர்த்திக்கொண்டு அமெரிக்காவெங்கும் மோட்டார் வண்டியில் அலைகிறான். யார் இவன் என்ற புதிரை அவன் பெயரே அவிழ்க்கிறது. வென்ஸ்டே எனும் ஆங்கிலக் கிழமைப்பெயர் வோடன் என்னும் செருமானியத் தெய்வத்தின் நாள் என்பதிலிருந்து வந்தது. வோடனே வடநாட்டாரின் ஒடின்; அறிவுக்காக ஒரு கண்ணைக் கொடுத்தவன், மரத்தில் ஒன்பது இரவு தொங்கித் தவங்கிடந்தவன். மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்கலாம். உரோமர் இந்நாளை மெர்க்குரியின் நாள் என்றனர். வடபுலத்தார் தம் வோடனை மெர்க்குரிக்கு ஈடாக வைத்தனர். மெர்க்குரி எனும் கோளை நாம் புதன் என்கிறோம். ஆகவே புதன்கிழமை என்று நாமும் வென்ஸ்டே என்று ஆங்கிலேயரும் சொல்வது ஒரே கோளின் நாளையே. வியாழனுக்கும் இவ்வாறே, அவர்கள் நாட்காட்டியில் அது தோர் என்னும் இடித்தெய்வத்தின் நாள். கோயில் இழந்த தெய்வங்கள் நாட்காட்டியிற் குடியிருக்கின்றன.

இவ்வொடினைப் பற்றி இன்றைக்கு நாம் அறிவனவற்றுட் பெரும்பகுதி, ஐஸ்லாந்து மக்கள் கிறித்தவராகி ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளின் பின், சினோரி சிடர்லுசன் என்னும் கிறித்தவரும் பிறரும் எழுதிவைத்த ஏடுகளால் வந்தது. வழிபட்டோர் போய்விட்டனர், வழிபடாதவர் காப்பாற்றினர். 1972இல் ஐஸ்லாந்திற் பழைய தெய்வங்களை வழிபடுவோர் மீண்டும் ஒரு சபை கூட்டினர். மறு ஆண்டே அரசு அதனை அங்கீகரித்தது. கெய்மனின் ஒடின் இதனை அறிந்திருந்தால் இத்துணைக் கசப்புடன் பேசியிருக்க மாட்டான் போலும்.

தொலைக்காட்சித் தொடரை பிரையன் புல்லர், மைக்கல் கிறீன் ஆகியோர் அமைத்தனர். ஸ்ரார்ஸ் நிலையம் 2017 ஏப்பிரிலில் ஒளிபரப்பத் தொடங்கியது. வென்ஸ்டேயாக இயன் மக்ஷேன் நடித்திருக்கிறார். அவர் பொய் சொல்லும்போது நாமும் பணத்தை எடுத்துக் கொடுத்துவிடுவோம். முதற் பருவத்தின் இரண்டாம் பாகம் 1697ஆம் ஆண்டு அடிமைக் கப்பலொன்றில் தொடங்குகிறது. கப்பலின் அடித்தட்டில் விலங்கிடப்பட்ட ஆபிரிக்கன் ஒருவன், தன் நாட்டுச் சிலந்தித் தெய்வமாகிய அனான்சியை அழைக்கிறான். அனான்சி வருகிறான், ஆனால் அக்காலத்தவனாக அன்று, இருபதாம் நூற்றாண்டு உடுப்புடன் வருகிறான். அவர்களுக்கும் அவர்கள் சந்ததிக்கும் அடுத்த முந்நூறு ஆண்டில் என்னென்ன நேரும் என்பதைச் சொல்லி, அக்கப்பலை எரிக்கத் தூண்டுகிறான். தெய்வம் ஆறுதல் சொல்லும் என்று எதிர்பார்த்தோருக்குக் கிடைத்தது கோபம். ஓர்லாண்டோ ஜோன்ஸ் என்னும் நடிகர் பேசிய அச்சில நிமிடங்கள் தொடரின் உச்சம் என்பது எமது கருத்து. மூன்றாம் பருவத்தில் அவர் இல்லை. அது அத்தொடருக்கு நேர்ந்த நட்டம்.

பழைய தெய்வங்களுக்கு எதிர்ப்பக்கம் புதிய தெய்வங்கள். மீடியா என்பவள் தொலைக்காட்சியின் தேவி. அவள் தனக்கென முகமில்லாதவள். லூசில் போல், மர்லின் மன்றோ முதலிய பழைய நட்சத்திரங்களின் உருவில் திரையிலிருந்தே பேசுவாள். மக்கள் தன் முன்னிலையிற் பலியிடுவது அவர்களுடைய நேரத்தை என்பது அவள் பெருமை. தொழினுட்பச் சிறுவன் என்பவன் கணினிக்கும் இணையத்துக்கும் அதிபதி. நாவலிற் பருத்த பையனாக வந்தவன் தொடரில் மெலிந்த நாகரிக இளைஞன். இம்மாற்றத்தில் ஒரு செய்தி உண்டு. நாவல் வந்த 2001இற்கும் தொடர் வந்த 2017இற்கும் இடையிலே புதிய தெய்வங்களே பழையவையாகத் தொடங்கிவிட்டன. ஆகையால் இரண்டாம் பருவத்தில் மீடியாவை மாற்றிப் 'புதிய மீடியா' என்று ஓர் இளம்பெண்ணைக் கொணர வேண்டியதாயிற்று. நம் வீடுகளிலும் வரவேற்பறையில் வைத்திருந்த பெரிய பெட்டியைப் பிள்ளைகள் இப்போது திரும்பியும் பாராமை கண்கூடு.

நாவலில் இல்லாத ஒரு தெய்வத்தைத் தொடர் புதிதாகச் சேர்த்தது. அவன் வல்கன், உரோமரின் அக்கினியும் கொல்லனுமானவன். மற்றைய பழையவர் பட்டினி கிடக்க இவன் மட்டும் கொழுத்திருக்கிறான். காரணம், அவன் பெயர் கொண்ட ஊரிலே துப்பாக்கிக் குண்டு செய்யும் தொழிற்சாலை நடக்கிறது. ஒவ்வொரு வெடியும் அவனுக்கு ஒரு பிரார்த்தனை. அதே பாகத்தின் தொடக்கத்தில், மெக்சிக்கோவிலிருந்து ஆற்றைக் கடந்துவரும் ஏழைகளுடன் யேசுவும் வருகிறார். நீரில் மூழ்கும் ஒருவனைத் தூக்கிவிடுகிறார். அக்கரையிலே துப்பாக்கியுடன் நின்றோராற் சுடப்படுகிறார். சுட்டவர் கைகளிற் செபமாலை சுற்றியிருக்கிறது. எந்தச் சமயத்தவர்க்கும் அக்காட்சி தொண்டையை அடைக்கும். யார் பெயரைச் சொல்கிறோம் என்பது ஒன்று, யாருக்குப் பலியிடுகிறோம் என்பது வேறொன்று என்று இதனைவிடத் தெளிவாக எந்தப் பிரசங்கியாரும் சொல்லக் கேட்டிலோம்.

இனி நமக்கு உறுத்திய இடம். விஸ்கொன்சின் மாநிலத்திற் 'பாறைமேல் வீடு' என்று ஒரு விநோதசாலை உண்டு. அலெக்ஸ் ஜோர்டன் என்பவர் கட்டி 1960இற் பொதுமக்களுக்குத் திறந்தது. அங்கே 269 விலங்குருவங்களுடன் ஒரு பெரிய சுழல் இராட்டினம். அவற்றுள் ஒன்றேனும் குதிரையன்று. நாவலிலும் தொடரிலும் தெய்வங்கள் மகாநாடு கூடுவது இவ்விராட்டினத்தில் ஏறியே. அம்மகாநாட்டிற்கு மாமாஜி என்ற பெயரில் நமது காளி வருகிறாள். தொடரில் அவள் விடுதியொன்றிற் பரிமாறும் பெண். நாவலிற் பிள்ளையாரும் ஒரு கனவில் வந்து துப்புத் துலக்க உதவுகிறார். அவ்விடத்துச் சாதுரியம் முழுவதும், யானையின் துதிக்கைக்கும் மோட்டார் வண்டியின் பின்பெட்டிக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல் என்பதில் தங்கியிருப்பதால் தமிழிற் சொல்லிச் சிரிக்க முடியாது. பிள்ளையார் சிலேடை பேசினார் என்பதற்கு நாம் கோபிக்கவில்லை. காளி தட்டேந்தினாள் என்பதற்கும் கோபிக்கவில்லை. அடியார்க்கு ஏவலாளாய் வந்த தெய்வங்களைப் புராணத்திற் படித்தவர்கள்தாமே நாம்.

எமது குறை வேறு. அமெரிக்கா தெய்வங்களுக்கு ஆகாத மண் என்பது கெய்மன் கதையின் அத்திவாரம். நமது தெய்வங்களைப் பொறுத்தமட்டில் அந்த அத்திவாரம் ஆட்டங்காண்கிறது. 1965இற் குடிவரவுச் சட்டம் திருத்தப்பட்டபின் அங்கே சென்றவர்கள் தெய்வத்தை மனத்தில் மாத்திரம் கொண்டுபோகவில்லை. சிற்பியையும் குருக்களையும் உடன் அழைத்தனர். 1977இல் நியூயோர்க் நகரின் பிளசிங் பகுதியிற் பிள்ளையார் கோயிலுக்குக் குடமுழுக்கு நிகழ்ந்தது. 1949இல் யாழ்ப்பாணத்திற்கு வந்து யோகர் சுவாமிகளிடம் தீட்சை பெற்ற அமெரிக்க இளைஞர் ஒருவர், பின்னாளிற் சுப்பிரமுனிய சுவாமிகளாக ஹவாய்த் தீவிற் சைவ மடம் நிறுவினார் என்பதை நம்மவர் பலர் அறிவர். கப்பலில் வந்த தெய்வத்தின் கதையை எழுதியவர் விமானத்தில் வந்த தெய்வத்தைக் கணக்கில் எடுக்கவில்லை.

தொடரின் முடிவையும் சொல்லவேண்டும். முதற் பருவம் முடிந்ததும் அமைப்பாளர் இருவரும் விலகினர். அதன்பின் பொறுப்பாளர் மாறிக்கொண்டேயிருந்தனர்; கதையின் பிடியும் தளர்ந்தது. 2021 மார்ச்சில் மூன்றாம் பருவத்தோடு நிறுத்திவிட்டனர். ஷாடோ உலக விருட்சத்திற் கட்டுண்டு தொங்க, போர் வெடியாமலே திரை விழுந்தது. பார்ப்போர் தொகை குறைந்தமையால் மீடியா தன் கதையையே பட்டினி போட்டுவிட்டாள். எஞ்சியதை அறிய விரும்புவோர் நூலைத்தான் நாடவேண்டும். ஆகவே வென்ஸ்டேயின் உண்மை நோக்கத்தை நாம் இங்கே வெளியிடவில்லை.

தவணை தொடங்கியதும் மாணவன் நினைவூட்டினான். சித்தாந்தப்படி பதில் எளிது. பசிக்கும் தெய்வம் பதியாகாது. அது வினைவயப்பட்ட மற்றோர் உயிரே. வேள்வி நின்றால் வாடும் தேவர்களைப் பற்றி நம் நூல்களும் பேசுகின்றன. இந்திர விழாவை மறந்த காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்ட கதை மணிமேகலையில் உண்டு. இதனைச் சொல்லவே வாய் திறந்தோம், சொன்னது வேறாயிற்று.

1990இல் எமது ஊரவர் ஒரே நாளிற் புறப்பட நேர்ந்தபோது எமக்கு ஒன்பது வயது. வளவின் மூலையிலே வேம்பின்கீழ் ஒரு வைரவர். ஒரு கல்லும் ஒரு சூலமும். ஆச்சி நாள்தோறும் பொழுதுபடும்போது விளக்கு வைப்பார். வண்டியில் ஏற்றிய பிறகும் அவர் இறங்கி இறங்கி ஓடினார். "வைரவர் பசியோட இருக்கப்போறார், ஆர் விளக்கு வைக்கப்போகினம்?" என்று அழுதார். அகதி வாழ்விலே, பிறர் வீட்டு விறாந்தையில் அவர் கண்மூடும்வரை அந்தக் கவலை தீரவில்லை. பிற்காலத்திற் பதியிலக்கணம் படித்த நாம் ஒருபோதும் ஆச்சிக்கு அதனைச் சொல்லித் தேற்றியதில்லை. அப்போது அவர் இல்லை. இருந்தாலும் சொல்லியிருப்போமா என்பது ஐயமே.

2017இற் காணி விடுபட்டபோது போய்ப் பார்த்தோம். வீட்டுக்குக் கூரையில்லை. பற்றைக்குள் வேம்பைக் கண்டுபிடிக்கவே அரைமணி நேரமாயிற்று. சூலம் இல்லை. கல்லை வேர் பாதி மூடியிருந்தது. அதன் முன்னே, வெட்டித் திறந்த ஒரு மீன்ரின். உள்ளே எண்ணெய்ப் பிசுக்கும், எரிந்து கருகிய ஒரு துணித்திரியும். இருபத்தேழு ஆண்டு அங்கே நடமாடியோரில் எமது ஊரவர் எவருமிலர்.

இவ்வளவையும் வகுப்பிற் சொல்லி முடித்தபோது அவன் கேட்டான்: "அப்ப விளக்கு வைச்சது ஆர், சேர்?"

மணி அடித்துவிட்டது.