ஆட்காட்டியின் நான்கு முட்டைகள்

ஆனி மாதத் தூறலிற் பறவை பார்க்கப் புறப்படுபவனைக் கண்டு வீட்டார் நகைப்பது இயல்பே. ஆயினும் மாணவர் இருவருடன் மாத்தளையில் தம்புள்ளை பஸ் ஏறி நாலந்தாவில் இறங்கினேன். மலைகளை முகில் மூடியிருந்தது. சோளகக் காற்று மழையை வாரிக் குடைக்குள்ளேயே வீசியது.

சைபீரியா முதலிய வடநாடுகளிலிருந்து வரும் உள்ளான்கள் சித்திரையோடு பெரும்பாலும் திரும்பிவிடும். இப்பருவத்தில் நீர்க்கரையில் நிற்பவை நம் நாட்டுப் பறவைகளே. சின்னக் கொக்கு ஒன்று கரிய கால்களால் மெல்ல நடந்து, மஞ்சள் விரல்களாற் சேற்றைக் கலக்கி, வெருண்டோடும் சிறுமீனைக் கொத்திற்று. நனைவதையும் மறந்து கால்மணி நேரம் நின்றோம்.

அப்பொழுது ஆட்காட்டி அலறியது. மட்டக்களப்பு நாட்டார் பாடலில் ஆக்காண்டியென அழைத்து, முட்டையிட்ட இடம் எதுவென வினவப்படும் பறவை இதுவேயாம். அது கூடு கட்டுவதில்லை. வெறுந்தரையிற் சிறு குழியே அதற்குப் போதும். மண்ணிறத்திற் கரும்புள்ளியிட்ட நான்கு முட்டைகள், கூரிய முனைகள் உள்நோக்கியிருக்க, கூழாங்கற்களோடு கலந்து கிடந்தன. மிதித்திருப்போம்! நீர்விளிம்போ மூன்று முழத் தொலைவில் இருந்தது. குஞ்சு பொரிக்க ஏறக்குறைய நான்கு கிழமை செல்லும்.

இளைய மாணவன் மேட்டிலிருந்த கெடிகேயை நோக்கினான். திராவிடக் கட்டடக் கலையின் சாயல் பொருந்திய அப்பழம் பௌத்த ஆலயம், போவத்தென்ன நீர்த்தேக்கத் திட்டத்தால் அமிழவிருந்தமையால், 1975இல் கல் கல்லாகக் கழற்றப்பெற்று, 1980இல் மீள நிறுவப்பெற்றது.

“கெடிகேயையே தூக்கி மேட்டில் வைத்தார்களே, சேர். இந்த நான்கு முட்டைகளை வைக்கக் கூடாதா?” என்றான்.

“கை பட்டாற் பறவை கைவிட்டுவிடும், தம்பி” என்றேன், ஆசிரியருக்கே உரிய உறுதியோடு.

அக்கிழமை முழுதும் மழை ஓயவில்லை. அடுத்த சனிக்கிழமை சென்றபோது குழியிருந்த இடத்தில் முழங்காலளவு நீர் நின்றது. இரு பறவைகளும் கரையில் நின்று கத்தின. மாணவன் ஒன்றும் கேட்கவில்லை. குறிப்பேட்டில் ‘ஆட்காட்டி 2’ என எழுதிக்கொண்டான்.

கனடாவின் ஒட்டாவா நகரில், 2018இல், இசைவிழா மேடை அமையவிருந்த இடத்தில் ஆட்காட்டிக் குடும்பத்துப் பறவையொன்று நான்கு முட்டையிட்டிருந்ததாம். அவற்றை ஒவ்வொரு மீற்றராக நகர்த்தினார்கள். தாய்ப்பறவை ஒவ்வொரு முறையும் வந்து அமர்ந்தது, குஞ்சும் பொரித்தது. இதனை நான் பின்னரே வாசித்தேன். மாணவனிடம் நேரிற் சொல்ல இன்னும் நா எழவில்லை. ஞாயிறுதோறும் இப்பத்தியை அவன் தவறாமல் வாசிப்பவன்.